ஆன்டிவைரஸ் ஸ்கேன் பாதியில் நின்றால் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள்

அப்படித் தேடிக் கிடைத்த ஒரு எண்ணுக்குப் போன் செய்ததில் எங்கள் அப்பாவிடம் 11,799 ரூபாய் பறித்துவிட்டார்கள். பணம் போனதை விட, எழுபது வயதுக்காரரை ஒரு மதியம் முழுக்கப் பயமுறுத்தி உட்கார வைத்திருந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர்கள் திரையில் காட்டிய எல்லாமே எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருப்பவை. அதனால் என்ன காட்டினார்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காரைக்குடியில் அம்மாவோடு இருக்கிறார். கம்ப்யூட்டர் விஷயத்தில் கவனமானவர். ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதவர். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் மாதம் ஒருமுறை ஃபுல் ஸ்கேன் ஓட்டுவார். இந்த முறை அது பாதிக்கு வரும் முன்பே அப்படியே நின்றுவிட்டது. நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில் நின்றது. வைரஸ்தான் ஸ்கேனைத் தடுக்கிறது என்று நினைத்து கூகுளில் உதவி எண் தேடியிருக்கிறார். மேலே முதலில் வந்தது ஒரு விளம்பரம். பெயரும் லோகோவும் பெரிய கம்பெனி மாதிரியே இருந்தன, 1800-இல் தொடங்கும் எண்ணும் இருந்தது. கூகுளில் காசு கட்டினால் யாரும் அந்த முதல் இடத்துக்கு வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

போனை எடுத்தவன் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசியிருக்கிறான். "பயப்படாதீங்க சார், நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று தூரத்திலிருந்தே இன்னொருவர் நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை இறக்கச் சொல்லி, திரையில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதன் பிறகு மவுஸ் அவன் கையில். எனிடெஸ்க் ஒழுங்கான மென்பொருள்தான், எங்கள் அலுவலகத்திலேயே பயன்படுத்துகிறோம். ஆனால் முகம் தெரியாத ஆளிடம் அந்த எண்ணைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். இந்தச் செயலியை வைத்து நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

முதலில் அவன் திறந்தது ஈவென்ட் வியூவர். அதில் சிவப்புக் குறியோடு 'எரர்' என்று வரிசையாக நூற்றுக்கணக்கில் நிற்கும். "ஒவ்வொண்ணும் ஒரு வைரஸ் அட்டாக் சார்" என்றானாம். அது விண்டோஸ் எழுதி வைக்கும் நாட்குறிப்பு. ஏதோ ஒரு சர்வீஸ் தாமதமாகத் தொடங்கினாலும், அப்டேட் ஒருமுறை தவறினாலும் அங்கே பதிவாகும். நேற்று வாங்கிய புது கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், அங்கேயும் சிவப்பு இருக்கும்.

அடுத்து கறுப்புத் திரையைத் திறந்து 'ட்ரீ' என்று ஒரு கட்டளை. டிஸ்கில் இருக்கும் ஃபோல்டர் பெயர்களைக் கிளை கிளையாகப் பட்டியல் போடுவது மட்டும்தான் அதன் வேலை. எழுத்துகள் மடமடவென்று ஓடுவதைப் பார்த்தால் ஏதோ பெரிய பரிசோதனை நடப்பது போல இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் தட்டி வைத்த வார்த்தைகள், ஓடி முடிந்ததும் கடைசி வரியில் வந்து நின்றன: 'வைரஸ் ஃபவுண்ட்'. கம்ப்யூட்டரே சொல்கிறது என்று அப்பா நம்பினார். யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிக ஆத்திரம் தந்தது. வேறொரு கட்டளை போட்டு, மூன்று எட்டுகளில் தொடங்கும் ஒரு நீளமான எண்ணை வரவழைத்து, "இது உங்க கம்ப்யூட்டரோட லைசென்ஸ் நம்பர் சார், இதே நம்பர் எங்க சர்வர்லயும் இருக்கு, செக் பண்ணிக்கோங்க" என்று எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டியிருக்கிறான். இவரும் சரிபார்த்திருக்கிறார், பொருந்தியது. பொருந்தாமல் எப்படிப் போகும்? ஜிப் ஃபைல் செய்யும் வசதிக்காக விண்டோஸ் வைத்திருக்கும் உள் எண் அது. என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அட்சரம் பிசகாமல் அதே எண்.

இந்தச் சந்தேகம் தீர்ந்ததும் பணம். 'லைஃப்டைம் செக்யூரிட்டி' 9,999 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 11,799. மெயிலில் பில்லும் வந்தது. ஜிஎஸ்டி வாங்குகிற கடை தன் 15 இலக்கப் பதிவு எண்ணைப் பில்லில் போட்டே ஆக வேண்டும், அதில் அந்த இடமே இல்லை. யுபிஐ-யில் பணம் போன பெயரும் கம்பெனிப் பெயராக இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். இந்த இரண்டையும் பணம் அனுப்பும் முன் பார்ப்பது எல்லோராலும் முடியும். ஆனால் காதில் ஒருவன் "சீக்கிரம் சார், டேட்டா போயிட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது பார்க்க விடமாட்டார்கள்.

பணம் வந்ததும் ஸ்கேனை ஓட்டிக் காட்டினான். மணிக்கணக்கில் இழுத்த ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்தது. வைரஸ் எதுவும் இல்லை என்று பச்சைக் குறி. அப்பா அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

நான் ஊருக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அந்தப் பச்சைக் குறியின் ரகசியம் தெரிந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' என்பதற்குள் 'மேனேஜ் செட்டிங்ஸ்' போய்க் கடைசி வரை இறங்கினால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும். ஸ்கேன் செய்யாமல் விட வேண்டிய இடங்களின் பட்டியல். அதில் சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் முழுசாகச் சேர்த்து வைத்திருந்தான். பார்க்கவே இல்லாத டிஸ்கில் வைரஸ் எப்படிக் கிடைக்கும்? காசும் வாங்கிக்கொண்டு, இருந்த பாதுகாப்பையும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறான். யாரிடமாவது ரிமோட்டில் சரி செய்துகொண்டவர்கள் இன்றைக்கே அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

சரி, முதலில் ஸ்கேன் ஏன் நின்றது? எக்ஸ்க்ளூஷன்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதியைத் திறந்தால் எந்த ஃபைலைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும். தம்பி கல்யாண வீடியோவை மொத்தமாகச் சுருட்டி வைத்த ஒரு பெரிய ஜிப் ஃபைல், அதுவும் பழைய ஹார்டு டிஸ்கில் பழுதான ஒரு பகுதியில். ஜிப் என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்க் படிக்கத் திணறினால் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். சதவீதக் கணக்கும் ஓர் உத்தேசம்தான், ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்பது சகஜம். வீடியோவை எடுத்த வரைக்கும் வெளி டிஸ்கில் காப்பி செய்துவிட்டு, பழைய டிஸ்குக்குப் பதில் புது எஸ்எஸ்டி போட்டோம். பிறகு 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டினேன். அது விண்டோஸ் முழுசாகத் தொடங்கும் முன்பே பார்க்கும், கால் மணி நேர வேலை, காசும் கிடையாது. அப்புறம் ஃபுல் ஸ்கேனும் முடிந்தது. உண்மையில் வைரஸ் என்று எதுவுமே இருக்கவில்லை. சில வீடுகளில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றை ஒன்று தடுத்து ஸ்கேன் நிற்கும். ஒன்றை நீக்கினாலே சரியாகிவிடும்.

ஏமாந்தது தெரிந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க்கை அவசரப்பட்டு நீக்காதீர்கள். அதன் ஃபோல்டரில் 'கனெக்‌ஷன் டிரேஸ்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், எந்த ஐடியிலிருந்து எப்போது உள்ளே வந்தார்கள் என்று பதிவாகியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை எதிர்க் கணக்கில் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, நாம் தெரிவித்த பிறகு கணக்கிலிருந்து அனுமதியின்றிப் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அப்பா தானே யுபிஐ பின் நம்பரைப் போட்டு அனுப்பிய தொகை என்பதால் அது திரும்புமா என்பது இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது.

சிபிஐ 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்று 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில், வெளிநாட்டுக்காரர்களை இப்படி ஏமாற்றிய போலி உதவி மையங்களும் அதில் சிக்கின. இன்றைக்கு அதே வித்தையைத் தமிழில் பேசி நம் அப்பா அம்மாவிடம் செய்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்தியில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. இதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை.

கடைசியாக ஒன்று. ஒருமுறை பணம் கொடுத்தவர்களின் எண்ணை அவர்கள் விடுவதில்லை. கொஞ்ச நாள் கழித்து, "கம்பெனியை மூடுறோம் சார், உங்க பணத்தை ரீஃபண்ட் பண்றோம், நெட் பேங்கிங் ஓபன் பண்ணுங்க" என்று வருவார்கள். தொகையை நம்மையே ஒரு படிவத்தில் அடிக்கச் சொல்லி, ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது போலத் திரையை மாற்றிக் காட்டி, "கூடுதலா போயிடுச்சு, என் வேலை போயிடும், திருப்பி அனுப்பிடுங்க" என்று கெஞ்சுவார்கள். நம் கணக்குக்கு ஒரு பைசா வந்திருக்காது. அப்பாவுக்கும் அந்த அழைப்பு வந்தது. "செக்கா தபால்ல அனுப்புங்க" என்றார். வைத்துவிட்டார்கள். அந்த எண்ணையும் புகாரில் சேர்த்திருக்கிறோம்.