செக்காலை ரோட்டு மனநல ஆலோசனை மையம்: ஆறு வாரம் போய் வந்தேன்

நான் தேவகோட்டை. ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 67. அவுக காலமான பிறகு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். இரண்டாங்கட்டு அறைகள் பூட்டியே கிடக்கும். ராத்திரி அங்கே 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும். விடியும்வரை வளவில், அதாவது உள்முற்றத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. மகள்தான் காரைக்குடியில் இந்த மையத்தில் நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

ஆலோசகர் சின்னப் பெண். "ஆச்சி, சத்தம் கேட்டதுக்கும் பயம் வந்ததுக்கும் நடுவுல மனசுல என்ன ஓடுச்சு?" என்றார். சொல்லத் தெரியவில்லை. ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரித்துக் கொடுத்தார்: நடந்தது, நினைத்தது, உணர்ந்தது. அன்றிரவு நடுப்பத்தியில் எழுதினேன்: 'திருடன் பூட்டை உடைக்கிறான்.'

"நூத்துக்கு எவ்வளவு நம்புறீங்க?"

"தொண்ணூறு."

"அதே சத்தத்துக்கு வேற என்ன காரணம் இருக்கலாம்?"

யோசித்தேன். பகலெல்லாம் காய்ந்த தேக்கு உத்திரம் ராத்திரி குளிரில் நெட்டி முறிக்கும். ஓட்டு மேல் மரநாய் நடக்கும். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து படுத்திருந்தபோதும் இதே சத்தம் கேட்டது; 'மரநாய்' என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதைச் சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை ராத்திரி வீணாகப் போயிருக்கிறது!

இப்படி எண்ணத்தை எழுதிச் சோதிப்பது 'அறிவாற்றல் சிகிச்சை' (cognitive therapy), 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய முறையாம். மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு நொடியில் தானாக வந்துபோகும் எண்ணங்களை அவர் கவனித்தார். வீட்டுப்பாடம் கட்டாயம் உண்டு. எழுதாமல் போனால் பலன் குறைவு.

ஐந்தாவது வாரம் சத்தம் கேட்டபோது டார்ச்சோடு எழுந்து போனேன். காலடியில் ஆத்தங்குடிக் கல் சில்லென்றிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. பூட்டைத் தொட்டு இழுத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. நோட்டில் 90ஐ அடித்துவிட்டு 30 என்று எழுதினேன்.

ஐம்பது நிமிஷத்துக்கு 600 ரூபாய். முடியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். அதைவிட, அறைகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். பக்கத்து அறையில் ஒருவர் அழுதது எனக்குக் கேட்டது. நான் பேசியதும் அங்கே கேட்டிருக்கும். இதை மட்டும் அவர்கள் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும்.