நமீபியாவில் வாடகைக் கார் எடுக்கிறீர்களா? டயரில் உள்ள தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

2024 ஜூலையில் நான், என் சித்தப்பா மகன், அவன் மனைவி மூன்று பேரும் நமீபியா போய் வந்தோம். முதுகுப் பை, கூடாரம், சமைத்துச் சாப்பிட ஒரு சின்ன கேஸ் அடுப்பு, பதினோரு நாள். ஊர் அவ்வளவு அழகு. வழியில் பார்த்த மனிதர்களும் நல்லவர்கள். ஆனால் தலைநகர் விண்டூக்கில் நாங்கள் வண்டி எடுத்த இடத்தில் எங்களை முழுசாக ஏமாற்றிவிட்டார்கள். கடைசிக் கணக்கில் முக்கால் லட்சம் ரூபாய் போனது. பணத்தை விடுங்கள், அந்த டயர்களில் மூன்று உயிர்கள் உட்கார்ந்து போயிருக்கிறோம் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

முதலில், குறைந்த செலவில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு அங்கே கார் எதற்கு என்று தோன்றலாம். நமீபியாவின் பரப்பு 8.25 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல். மக்கள் தொகையோ சுமார் 30 லட்சம்தான். பெரிய ஊர்களுக்கு நடுவே தார்ச் சாலையில் பஸ்ஸும் ஷேர் வேனும் ஓடுகின்றன. சோசஸ்ஃப்ளெய் மணல் குன்றுகளைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வழியில் எதுவும் கிடையாது. ஒன்று, டூர் கம்பெனிக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து வண்டி எடுத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முதுகுப் பையோடு வருகிற பலரும் அங்கே இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். நாங்களும் அப்படித்தான். நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் தைரியமாகவே போனோம்.

மற்ற இடங்களைவிட நாள் வாடகை நன்றாகக் குறைவாக இருந்த ஒரு சின்ன கம்பெனியில் பதிவு செய்திருந்தேன். விலையைப் பார்த்து எடுத்தது என் தப்பு. ஜொஹானஸ்பர்க்கிலிருந்து வந்த விமானம் தாமதம். விமான நிலையம் ஊரிலிருந்து 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எல்லாம் முடிந்து அவர்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை. அங்கே குளிர்காலம், ஆறே கால் ஆறரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். வண்டி கொடுத்தவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இருட்டினால் ஓட்டாதீர்கள், குடு மான் குறுக்கே வரும், ராத்திரி விபத்துக்கு இன்சூரன்ஸும் கிடையாது, சீக்கிரம் கிளம்புங்கள்." சொன்னது அத்தனையும் உண்மை. அங்கே ஊருக்கு வெளியே ராத்திரியில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். அந்த உண்மையைச் சொல்லியே எங்களை அவசரப்படுத்தினார். வண்டியைச் சுற்றி ஒரு நடை, கதவில் இருந்த கீறலுக்குப் படத்தில் ஒரு குறி, அப்புறம் வரிசையாகக் கட்டங்கள். "இங்கே கையெழுத்து, இங்கே, இங்கே." அதில் ஒரு கட்டத்தில், டயர்கள் ஐந்தும் சரிபார்க்கப்பட்டன, நல்ல நிலையில் உள்ளன என்று இருந்தது. நான் ஸ்டெப்னியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நல்ல காரியம் என் தம்பி மனைவி செய்தாள். நாங்கள் பேப்பரில் இருந்தபோது போனை எடுத்து வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ பிடித்தாள். முன்கண்ணாடியின் கீழ் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கல் பட்ட குழி. அது அந்த வீடியோவில் இருந்தது. பேப்பரில் இல்லை.

மறுநாள் காலை கிளம்பினோம். ரெஹோபோத் வரை பி1 நெடுஞ்சாலை, அருமையான தார். அங்கிருந்து மேற்கே திரும்பினால் சரளைச் சாலை ஆரம்பம். அந்த நாட்டுச் சாலைகளில் பெரும்பகுதி இப்படித்தான். சில இடங்களில் வழுவழுவென்று இருக்கும். சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படுக்கப் போட்ட மாதிரி வரிவரியாக இருக்கும், வண்டியே உதறும். வாடகை வண்டிகளுக்குச் சரளையில் மணிக்கு 80 என்று வரம்பு வைக்கிறார்கள், ஜிபிஎஸ் வைத்துக் கண்காணிக்கவும் செய்கிறார்கள். நாங்கள் 70-ல்தான் போனோம். சாலிடேர் என்ற சின்ன ஊரைத் தாண்டி, மணல் குன்றுகளுக்கு வாசலான செஸ்ரியெம் போகிற வழியில், இருபது கிலோமீட்டர் போயிருப்போம், முன்பக்கத்தில் படபடவென்று சத்தம். வண்டி இடது பக்கம் இழுத்தது. தம்பி பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி தானாக வேகம் குறையும்வரை விட்டான். அவன் மட்டும் பிரேக்கை அழுத்தியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியவில்லை. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நடக்கும் மோசமான விபத்துகள் பல, எதிரில் வண்டியே இல்லாமல், சரளையில் சறுக்கித் தானாக உருண்டு நடப்பவைதான்.

இறங்கிப் பார்த்தால் இடது முன் டயரின் பக்கச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. மொபைல் சிக்னல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் புல்லும் மலையும்தான். ஸ்டெப்னியைக் கழற்றினோம். ஜாக்கி வைத்தால் மண்ணுக்குள் இறங்குகிறது. நாற்பது நிமிஷம் கழித்துதான் ஒரு பக்கி வந்தது. பிக்கப் வண்டியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதிலிருந்து இறங்கிய பெரியவர் பக்கத்துப் பண்ணையில் வேலை செய்கிறவர். நாங்கள் கேட்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். வேலை நடக்கும்போது கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டு, டயரின் ஓரத்தில் கட்டை விரலால் தூசியைத் துடைத்துக் காட்டினார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2415. 2015-ஆம் வருஷத்தின் 24-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். ஒன்பது வயசு. பட்டன் தேயவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரப்பர் செத்துப் போயிருக்கிறது. பக்கச் சுவரை மடக்கினால் வறண்ட வயல் மாதிரி மெல்லிய வெடிப்புகள். அப்புறம் நாங்கள் அப்போதுதான் மாட்டியிருந்த ஸ்டெப்னியைப் பார்த்தார். 0813. அது பதினோரு வயசு. தலையை ஆட்டினார். மெதுவாகப் போங்கள், 50-க்கு மேல் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். காசு நீட்டினோம், வாங்கவில்லை.

சாலிடேருக்கே திரும்பினோம். துருப்பிடித்த பழைய கார்கள் மணலில் நிற்கும் படங்களுக்கும் 'ஆப்பிள் பை' என்ற பலகாரத்துக்கும் பெயர் போன இடம் அது. பெட்ரோல் பங்க் ஒன்று, டயர் பட்டறை ஒன்று. பக்கச் சுவர் கிழிந்ததை ஒட்ட முடியாது, ஒட்டவும் மாட்டேன் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் அளவுக்கு டயரும் அவரிடம் இல்லை. அங்கிருந்து விண்டூக்குக்குப் போன் போட்டேன். வண்டி கொடுத்த அதே மனிதர்தான் எடுத்தார். "ஒன்றும் பிரச்சினை இல்லை, வழியில் எங்கே கிடைக்கிறதோ வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதைக் கொண்டு வாருங்கள், கழித்துக்கொள்ளலாம்" என்று ரொம்ப அன்பாகப் பேசினார். நானும் நம்பினேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

செஸ்ரியெமில் இரண்டு ராத்திரி. விடியலில் சிவக்கும் குன்றுகளையும், டெட்ஃப்ளெய்யில் நிற்கும் கறுத்த பட்டமரங்களையும் பார்த்தோம், ஆனால் மனசு முழுக்க டயரில்தான் இருந்தது. அங்கிருந்து கடலோர ஊரான வால்விஸ் பே 300 கிலோமீட்டருக்கு மேல். சி14 சாலை, கௌப், குயிசெப் என்று இரண்டு கணவாய்கள் இறங்கி ஏற வேண்டும். கையில் ஸ்டெப்னி இல்லை. 50-லேயே உருட்டினோம். ஏழு மணி நேரம், யாரும் பாட்டுகூடப் போடவில்லை. வால்விஸ் பேயில் ஒரு டயர் கடையில் நிறுத்தி, முன்பக்கம் இரண்டையும் மாற்றச் சொன்னோம். கழற்றிய வலது டயரின் உள்பக்கத்தை அந்தக் கடைக்காரப் பையன் திருப்பிக் காட்டினான், நூல் தெரிந்தது. இரண்டு புது டயருக்கு 5,600 நமீபிய டாலர். அப்போது ஒரு டாலர் சுமார் நாலரை ரூபாய், ஆக இருபத்தைந்தாயிரம் ரூபாய். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஸ்வகோப்முண்ட், ஸ்பிட்ஸ்கோப்பே, எட்டோஷா எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு, எடுக்கும்போது இரண்டு நிமிஷத்தில் முடிந்த சோதனை முக்கால் மணி நேரம் நடந்தது. இந்தத் தடவை டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தே பார்த்தார்கள். பட்டியல் வந்தது. முன்கண்ணாடியில் குழி, 4,200. அடிப்பாகத்தில் கல் அடித்த தடம், 3,000. டயர் இரண்டு, 6,400. ஒவ்வொன்றுக்கும் 'கையாளும் கட்டணம்' 750. மொத்தம் 15,850 நமீபிய டாலர். நான் வாங்கிப் போட்ட டயர்களைக் காட்டினேன், ரசீதைக் காட்டினேன். "இது எங்கள் கம்பெனி அனுமதித்த பிராண்டு இல்லை, கழற்றிவிட்டு வேறு போட வேண்டும்" என்றார். போனில் சொன்னீர்களே என்றால், அப்படிச் சொல்லவில்லையாம். சரி, அப்படியென்றால் என் டயர்களைக் கழற்றிக் கொடுங்கள் என்று தம்பி கேட்டான். விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது யார் கழற்றிக் கொடுப்பார்கள்? எங்கள் பணத்தில் வாங்கிய டயர்களும் அவர்களுக்கு, டயருக்கான பணமும் அவர்களுக்கு. ஏற்கெனவே என் கிரெடிட் கார்டில் 20,000 நமீபிய டாலரை முடக்கி வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சென்னைக்கு வந்ததும் வங்கியில் புகார் கொடுத்தேன். கார்டில் தவறாக எடுத்த பணத்தை மறுத்துக் கேட்க வழி இருக்கிறது, கட்டாயம் கேளுங்கள். மூன்று மாசம் இழுத்தது. கண்ணாடிக்கு எடுத்த 4,200-ம் அதன் 750-ம் திரும்பி வந்தன, காரணம் அந்த முதல் நாள் வீடியோ. டயருக்கு ஒரு பைசா வரவில்லை. ஐந்து டயரும் நல்ல நிலையில் இருந்தன என்று நானே கையெழுத்துப் போட்ட தாளை அந்தக் கம்பெனி அனுப்பியிருந்தது.

'முழு இன்சூரன்ஸ்' என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கூடுதல் காசு கட்டி அதைத்தான் எடுத்திருந்தேன். ஒப்பந்தத்தை ஊருக்கு வந்துதான் நிதானமாகப் படித்தேன். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், மணலாலோ தண்ணீராலோ வரும் சேதம், வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாகக் கவிழ்வது, எதுவும் அதில் சேராது. சரளைச் சாலை நாட்டில் வேறு என்னதான் சேதமாகும்? டயருக்கும் கண்ணாடிக்கும் தனியாக ஒரு காப்பீடு பல கம்பெனிகளில் உண்டு, தினசரி சின்னத் தொகைதான், எடுத்துவிடுங்கள். முன்பதிவுத் தளங்களில் விற்கிற காப்பீடு வேறு மாதிரி. கம்பெனி முதலில் உங்கள் கார்டில் பணத்தை எடுத்துவிடும், நீங்கள் பிறகு தாள்களோடு அலைந்து திரும்ப வாங்க வேண்டும். விபத்து என்றால் போலீஸ் அறிக்கை இல்லாமல் எதுவும் நடக்காது.

வண்டி எடுக்கும் அன்றைக்கு வேறு எங்கும் போகத் திட்டம் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் வண்டியை எடுங்கள், அன்றைக்கு ராத்திரி விண்டூக்கிலேயே தங்குங்கள். வண்டி கொடுப்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஸ்டெப்னியைக் கீழே இறக்கச் சொல்லி, ஐந்து டயரின் நான்கு எண்களையும் படம் எடுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஜாக்கியை அங்கேயே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள், நட்டுக்கு ஸ்பேனர் சரியாக உட்காருகிறதா பாருங்கள். சரளையில் ரொம்ப தூரம் போவதாக இருந்தால் இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள், அங்கே கேட்டால் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. படுத்து அடிப்பாகத்தையும் வீடியோ எடுங்கள். போனில் எது சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்த வருஷம் தம்பி தன் நண்பர்களோடு நமீபியாவின் தெற்கே ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்குக்கு நடைப்பயணம் போகிறான். மூன்று கம்பெனிகளுக்கு எழுதி, கொடுக்கப் போகிற வண்டியின் டயர் தேதிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாவது கம்பெனியிலிருந்து அன்றைக்கு மாலையே ஐந்து படங்கள் வந்தன, ஸ்டெப்னியையும் சேர்த்து.