எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: ஆபீஸ் மாற்ற மூன்று வழிகள்

2019 ஜனவரியில் எங்கள் ஆபீஸைக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு மாற்றினோம், இரண்டும் கேரளத்துப் பாலக்காடு மாவட்டம். 2023 செப்டம்பரில் கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையார் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் க.க. சாவடிக்கு வந்தோம். பம்ப்செட் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம். பதினொரு பேர், நாலு கம்ப்யூட்டர், ஒரு குடோன். இரண்டு முறையும் மாற்றும் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. முதல் முறை மூன்று வாரம் வியாபாரம் தடுமாறியது. இரண்டாம் முறை வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் மாறியதே பில்லில் புது முகவரியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் எல்லையோர வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஒரே மூச்சில மாத்திடலாமா, கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாமா?" இந்த எல்லைப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: மாநிலம் மாறுகிறதா, இல்லையா? வழி அதைப் பொறுத்துத்தான் அமையும்.

இருக்கிற வழிகள் மூன்று. சனி, ஞாயிறு இரண்டு நாளில் மொத்தமாக மாறுவது. பிரிவு பிரிவாக, வாரம் ஒன்றாக மாறுவது. புது இடத்தைத் திறந்துவிட்டுப் பழைய இடத்தையும் ஒன்றிரண்டு மாதம் ஓட்டுவது.

பிரிவு பிரிவாக மாறுவது

நாங்கள் 2019இல் செய்தது இதுதான். கேட்கும்போது நிதானமான வழியாகத் தெரியும். முதல் வாரம் குடோன், அடுத்த வாரம் பில்லிங், கடைசியில் கணக்குப் பிரிவு என்று திட்டம். சரக்கு கஞ்சிக்கோட்டில், ஸ்டாக் லெட்ஜர் கொழிஞ்சாம்பாறையில். ஒரு ஆயில் சீல் இருக்கிறதா என்று பார்க்கக்கூட அங்கிருந்து இங்கே போன், இங்கிருந்து அங்கே போன். வடக்கஞ்சேரியிலிருந்து பேரிங் வாங்க வந்த மெக்கானிக் பழைய இடத்துக்குப் போய்விட்டு, வெறுங்கையோடு திரும்பும் வழியில் கூப்பிட்டார்: "என்னங்கண்ணா, கடையைப் பூட்டிட்டீங்களா?"

லேண்ட்லைன் இன்னொரு அடி. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவுக்கு 04923, கஞ்சிக்கோட்டுக்கு 0491. பல வருடமாகப் பில்லில் அச்சடித்து வந்த எண் கூடவே வராது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பழைய எண்ணை அழைத்தவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. அதன்பிறகு ஆபீஸுக்கென்று ஒரு மொபைல் எண்ணை எடுத்து அதை மட்டுமே அச்சடிக்கிறோம்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஐம்பது, அறுபது பேர் இருக்கிற இடம், ஒரு பிரிவின் வேலை இன்னொன்றைத் தொடாத இடம், கழற்றி மாட்டவே நாலைந்து நாள் ஆகும் மெஷின் இருக்கிற பட்டறை. பதினைந்து பேருக்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்பேன். சின்ன ஆபீஸில் எல்லார் வேலையும் எல்லாரோடும் பின்னிக்கிடக்கிறது. பாதியைப் பிரித்தால் இரண்டு பாதியும் நின்றுபோகும்.

இரண்டு நாளில் மொத்தமாக

மாநிலத்துக்குள்ளேயே மாறுகிற சின்ன ஆபீஸுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அந்த இரண்டு நாளுக்கு முன்னால் ஒரு மாத வேலை இருக்கிறது.

முதலில் தேதி. மாதாமாதம் அரசுக்குக் கட்டவும் கணக்குக் காட்டவும் கெடு நாட்கள் உண்டு: 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்துவைத்த வருமான வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 15 வேலையாட்களின் பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி கட்டும் கணக்கு). இதற்கு நடுவில் கம்ப்யூட்டரைக் கழற்றக் கூடாது. மாதக் கடைசியில் சம்பளமும் வசூலும் வந்து நிற்கும். மிஞ்சுவது நாலாவது சனிக்கிழமை. அது எந்த மாதமானாலும் 22க்கும் 28க்கும் நடுவில்தான் வரும், அன்று வங்கியும் விடுமுறை. மாதத்தையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் அட்டைப்பெட்டியும் காகிதமும் நனையும். ஆடியும் மலையாளத்துக் கர்க்கடகமும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால் இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த மாதத்தில் புது இடம் போகத் தயங்குவார்கள். நம்பிக்கை இல்லாத முதலாளியும் வேலையாட்களின் மனதுக்காக அதைத் தள்ளிவைப்பது நல்லது. ஓணத்துக்கு முந்தின பத்து நாளும் வேண்டாம். எங்கள் தொழிலில் கோடையையும் தொடக்கூடாது, பம்ப் ஓடுவதே அப்போதுதான்.

அடுத்து ஜிஎஸ்டி. மாநிலம் மாறாவிட்டால் பதிவு எண் அதேதான். முதன்மை முகவரி மாறியதிலிருந்து 15 நாளுக்குள் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், அதை அதிகாரி பார்த்து அனுமதிக்க வேண்டும். இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானதும் புது இடத்தைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துவிடுங்கள். அனுமதி வந்ததும் இரண்டு இடத்திலும் சரக்கு வைக்கலாம், இரண்டிலிருந்தும் அனுப்பலாம். குடிபோன பிறகு அதையே முதன்மை இடமாக மாற்றிக்கொள்ளலாம். 2019இல் எங்களுக்கு இது தெரியாது. பதிவில் பழைய இடம் மட்டும் இருக்க, புது குடோனிலிருந்து சரக்கு போனது. வழியில் நிறுத்திப் பார்த்த அதிகாரி கேட்டதற்கு டிரைவரிடம் பதில் இல்லை. வண்டி அரைநாள் நின்றது. பதிவுச் சான்றிதழ் உள்ளே மாட்டியிருக்க வேண்டும், வாசல் பெயர்ப்பலகையில் எண் இருக்க வேண்டும் என்பதும் விதி. அதனால் புதுப் பலகையை முந்தின வாரமே எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்டர்நெட்டை இரண்டு வாரம் முன்பே போட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒருநாள் முழுக்க பில் போட்டுப் பாருங்கள். "வெள்ளிக்கிழமை வந்து போட்டுத்தர்றோம்" என்ற பேச்சை நம்பி மேசையை நகர்த்த வேண்டாம். டேலி கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவுக்கு இரண்டு பேக்கப், இரண்டும் வேறு வேறு ஆள் கையில். ஒவ்வொரு ஒயரிலும் பேப்பர் டேப் ஒட்டி எந்த மெஷினுக்கு உரியது என்று எழுதுங்கள். சனிக்கிழமை முதல் வண்டியில் பில்லிங் மெஷின், பிரிண்டர், யுபிஎஸ். நாற்காலியும் பீரோவும் கடைசி வண்டியில் வந்தால் போதும். ஞாயிறு மாலை ஒரு பில் அச்சாகி வெளியே வந்துவிட்டால் திங்கட்கிழமையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பேக்கர்ஸா, நாமே குட்டி யானை (சின்ன லோடு வண்டி) பிடித்து ஏற்றுவதா என்பது எனக்குப் பெரிய கேள்வி இல்லை. பத்துப் பேர் ஆபீஸுக்குக் குட்டி யானை போதும். கண்ணாடித் தடுப்பும் சர்வரும் நிறைய இருந்தால் பேக்கர்ஸ். ஏற்றுவதும் இறக்குவதும் யார் என்பதுதான் கேரளப் பக்கத்தில் முக்கியம். அங்கே சுமட்டுத் தொழிலாளர்களுக்கு, அதாவது சுமை தூக்குகிறவர்களுக்கு, தனிச் சட்டம் இருக்கிறது, நலவாரியம் இருக்கிறது, கூலி விகிதம் இருக்கிறது. வண்டி வந்து நின்ற பிறகு பேரம் பேசினால் அந்தச் சனிக்கிழமை போச்சு. முந்தின வாரமே போய் விகிதத்தைக் கேட்டு, எத்தனை லோடு என்று சொல்லிவிட்டு வாருங்கள். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கும் நோக்குக்கூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்திருக்கிறது. அதைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உழைக்கிறவரின் கூலியை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். எங்கள் குடோனில் நாற்பது கிலோ மோட்டாரைத் தலையில் வைத்து மாடி ஏற்றினவர்கள் அவர்கள்தான்.

இரண்டு இடமும் சேர்ந்து ஓடுவது

ஒரே மாநிலத்துக்குள் என்றால் இது வீண் செலவு. இரட்டை வாடகை, இரட்டை கரண்ட் பில், யார் எங்கே உட்காருவது என்ற குழப்பம். ஆனால் எல்லை தாண்டினால் வேறு வழி கிடையாது. கஞ்சிக்கோட்டிலிருந்து சாவடிக்கு வண்டியில் வர எவ்வளவு நேரம்? ஆனால் கேரளப் பதிவு எண் 32இல் தொடங்கும், தமிழ்நாட்டு எண் 33இல் தொடங்கும். முகவரியைத் திருத்தி மாநிலம் மாற்ற முடியாது. இங்கே புதுப் பதிவு வாங்க வேண்டும், அங்கே இருப்பதை ரத்து செய்ய வேண்டும். அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவானால் புது எண் கிடைக்க ஒரு மாதம் வரை ஆகலாம். அந்த ஒரு மாதமும் பில் எங்கிருந்து போடுவது? பழைய இடத்திலிருந்துதான்.

வரி வரவு இன்னொரு பெரிய விஷயம். கேரள எண்ணில் தங்கியிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய, நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் தொகையை) அப்படியே தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வழியில்லை. ரத்து செய்யும்போது கையில் சரக்கு இருந்தால் அதற்கான வரவையும் திருப்பிக் கட்ட வேண்டும். நாங்கள் செய்தது இது: புது எண் வந்ததும், இருந்த சரக்கு முழுவதையும் 32லிருந்து 33க்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) போட்டுப் பில் செய்தோம். அங்கே கிடந்த வரவிலிருந்தே அந்த வரி போனது, இங்கே அதே தொகை வரவாக வந்தது. சரக்கு மதிப்பைவிட வரவு அதிகமாகத் தேங்கியிருந்தால் இது முழுசாக உதவாது. அதனால் ஆறு மாதம் முன்பே கொள்முதலைக் குறைத்து வர வேண்டும்.

மேசை நாற்காலியை வண்டியில் ஏற்றும்போதும் கவனம் வேண்டும். வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டாம், ஆபீஸ் சாமானுக்கு அந்த விலக்கு இல்லை. எல்லை தாண்டும் வண்டியில் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் போட்டே ஆக வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாரில் வணிகவரி செக்போஸ்ட் போய்விட்டது, லாரிகள் வரிசையில் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. அதனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், சோதனை எந்த இடத்திலும் வரலாம். புது எண்ணுக்கு இ-வே பில் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் பலர் கடைசி நாளில்தான் கவனிக்கிறார்கள்.

காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) இருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். அதில் இருந்துகொண்டு வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. இன்று கொழிஞ்சாம்பாறையில் இருந்து சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் விற்கிறவர், வாடகை குறைவு என்று தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிமடைக்கு வந்தால், அதே வாடிக்கையாளர் வெளிமாநிலத்தவர் ஆகிவிடுகிறார். ஒன்று சாதாரணத் திட்டத்துக்கு மாற வேண்டும், இல்லை அங்கேயே இருக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், பதிவு அலுவலகத்தை மாநிலம் விட்டு மாற்ற மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை மண்டல இயக்குநர் அனுமதி வரை போக வேண்டும். பதிவு அலுவலகம் பழைய மாநிலத்திலேயே இருக்கட்டும், வேலை நடக்கும் ஆபீஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் 2023 மாற்றத்தில் ஆட்களும் மெஷின்களும் செப்டம்பர் 23, நாலாவது சனிக்கிழமையும் மறுநாளும் வந்துசேர்ந்தார்கள். கஞ்சிக்கோட்டில் ஒரு அறையையும் ஒரு பையனையும் மட்டும் நவம்பர் கடைசி வரை வைத்திருந்தோம். திரும்பி வந்த சரக்கு, பழைய பாக்கி, தபால் எல்லாம் அவரிடம் வந்தன. இரண்டு மாத வாடகை வீண் என்று பங்குதாரர் முதலில் வருத்தப்பட்டார். அந்த அறைக்கு வந்த செக்குகளையும் ஆர்டர்களையும் பார்த்த பிறகு அவரே மூன்றாவது மாதத்துக்கும் நீட்டலாமா என்று கேட்டார். நீட்டவில்லை, அதற்குள் எல்லாரும் சாவடிக்கு வரப் பழகியிருந்தார்கள்.

வேலந்தாவளம் தம்பி போவது எல்லை தாண்டி, எட்டிமடைக்கு. ஓணம் முடிந்த பிறகு போகலாம் என்று இருக்கிறார். அவரை இப்போதே வாடகை ஒப்பந்தம் போட்டுப் புதுப் பதிவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். மேசை எந்தச் சனிக்கிழமை போகும் என்பதை அந்த எண் கையில் வந்த பிறகு காலண்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.