துரை பங்களாவா, தேயிலை ஸ்டோரா? மலையகத்தின் சத்தமில்லாத சொகுசு

"அண்ணே, ரெண்டு நாள் தங்கணும். காசு பரவாயில்ல. ஆனா பளபளன்னு கண்ணக் குத்துற இடம் வேணாம்." கொழும்பிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் அழைக்கிற நம் குடும்பங்கள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு பயண ஏற்பாடு செய்கிறவன் நான். இப்படிக் கேட்கிறவர்களுக்கு மூன்று இடங்களை முன்வைப்பேன்: காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள சிலோன் டீ ட்ரெயில்ஸ் பங்களாக்கள், கந்தப்பளையில் ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி, கண்டிப் பக்கம் வேரப்பிட்டியவில் சந்தானி. மூன்றுமே அடக்கமான இடங்கள்தான். ஆனால் எந்தப் பெயரோடு கூட்டுச் சேர்ந்திருக்கின்றன, அந்தக் கூட்டு அறைக்குள் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் மூன்றும் மூன்று திசை.

முதலில் சத்தமில்லாத சொகுசு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது தோட்டத்து மேலாளரான துரைக்குப் பணிவிடை செய்பவராக, இருந்தவர். விடியற்காலை ஐந்தரைக்குத் துரையின் கட்டிலோரம் தேநீர்த் தட்டு போய்விட வேண்டும். கேத்தலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறை, தனிக் கிண்ணத்தில் சூடான பால், ஈரம் படாத சீனி. புதிதாக வந்த ஒரு துரைக்கு இடக்கைப் பழக்கம். அவர் கையெழுத்துப் போடுவதை முதல் நாள் பார்த்த அப்பா, மறுநாள் காலையில் கோப்பையின் காதை இடப்பக்கம் திருப்பி வைத்தார். துரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அந்தத் துரை மாற்றலாகிப் போகும்வரை, பதினோரு வருடம், கோப்பையின் காது இடப்பக்கமே இருந்தது.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். நுவரெலியாப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டலில், விருந்தினரை அனுப்புவதற்கு முன் அறையைப் பார்க்கப் போனேன். வாசலிலிருந்து கட்டில்வரை ஒன்பது கம்பனிப் பெயர்களை எண்ணினேன். மெத்தைக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று, கோப்பி மெஷினுக்கு ஒன்று, செருப்பில் ஒன்று. குளியலறையின் நான்கு போத்தலிலும் ஒரு வெளிநாட்டு வாசனைத் திரவியக் கம்பனியின் பெயர். தேநீர்ப் பைகள்கூட வேறொரு நாட்டில் பொதி செய்தவை. சன்னலைத் திறந்தால் இருபது அடியில் தேயிலைத் தூர் நிற்கிறது. அந்தத் தேநீர்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

பிராண்ட் கூட்டு என்பது உலகம் முழுக்க இருப்பதுதான். 2001இல் புல்காரி நகைக் கம்பனி மேரியட்டோடு சேர்ந்து ஹோட்டல் தொழிலுக்கு வந்தது. 2010இல் துபாயின் புர்ஜ் கலீஃபாவில் அர்மானி பெயரில் ஹோட்டல் திறந்தது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 2000இல் வெர்சாச்சி பெயரோடு திறந்த ஹோட்டல் 2023இல் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டது. கட்டடம் அதே, கடற்கரை அதே. பெயர் மட்டும் ஒப்பந்தத்தோடு வந்து ஒப்பந்தத்தோடு போனது. ஆகவே ஒரு கூட்டைப் பார்க்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு அந்தப் பெயரை எடுத்துவிட்டால் இந்த இடத்தில் எது குறையும்?

டீ ட்ரெயில்ஸில் பெயரை எடுத்தால் கோப்பையே காலியாகிவிடும். 2005இல் அதைத் தொடங்கியது டில்மா தேயிலைக் குடும்பம். மெரில் ஜே. பெர்னாண்டோ தன் மகன்கள் டில்ஹான், மாலிக் இருவரின் பெயரையும் சேர்த்து வைத்ததுதான் டில்மா. நம் தேயிலை மொத்தமாகக் கப்பலேறி, வெளிநாட்டில் மற்ற நாட்டுத் தேயிலையோடு கலந்து, இன்னொருவர் பெயரில் விற்கப்பட்ட காலத்தில், இங்கேயே பொதி செய்து இங்குள்ள பெயரிலேயே விற்பேன் என்று நின்றவர் அவர். 2023இல் காலமானார். அந்தப் பிடிவாதத்தின் நீட்சிதான் இந்தப் பங்களாக்கள். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,250 மீற்றர் உயரத்தில், பழைய துரைமாரின் ஐந்து பங்களாக்கள்: காசல்ரீ, சமர்வில், நோர்வூட், டன்கெல்ட், டின்சின். டின்சின் 1888இல் கட்டியது. ஐந்திலும் சேர்த்து 27 அறைகள். ஒரு பங்களாவிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை மலை வழியாக நடந்தே போகலாம்.

அங்கே சொகுசு எங்கே இருக்கிறது என்றால், பில் வராத இடத்தில் இருக்கிறது. சாப்பாடு, குடிபானம் எல்லாம் அறைக் கட்டணத்திலேயே அடக்கம். எதைக் கேட்டாலும் கையெழுத்துக்கு அட்டை நீட்ட மாட்டார்கள். காலையில் கட்டிலோரம் தேநீர் வரும். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் தட்டு ஞாபகம் வந்தது. அவர் செய்த வேலையை ஒரு கலையாக மதித்து, அதற்கு உலக விலை வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு.

இன்னொரு கூட்டும் அங்கே உண்டு. 1954இல் பிரான்ஸில் தொடங்கிய ரிலே எ ஷாத்தோ என்ற சங்கத்தில் இலங்கையிலிருந்து முதலில் சேர்ந்தது இந்தப் பங்களாக்கள்தான். அது ஹோட்டல் சங்கிலி அல்ல, தனித்தனி உரிமையாளர்களின் சங்கம். எல்லோரும் ஒரே மாதிரிக் கட்ட வேண்டும், ஒரே சோப்புப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சமையலும் உபசரிப்பும்தான் அளவுகோல். வெளிநாட்டு விருந்தினருக்கு அது ஒரு நம்பிக்கை முத்திரை. நம்மவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை, கவனிக்கத் தேவையும் இல்லை.

ஆனாலும் பங்களா என்பது துரையின் வீடு. அதன் சாய்கதிரையும் கணப்பு அடுப்பும் புல்வெளியும் துரையின் கண்ணிலிருந்து மலையைப் பார்க்கச் சொல்கின்றன. அங்கிருந்து பார்த்தால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் சின்னதாகத் தெரியும், கொழுந்து பறிக்கிற பெண்கள் பச்சைக்குள் வண்ணப் புள்ளிகளாகத் தெரிவார்கள். சுற்றுலா விளம்பரங்களும் அவர்களை அப்படித்தான் காட்டுகின்றன. அந்தப் புள்ளிகளில் ஒருத்தியின் மகன் நான். பங்களா எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது பாதி நினைவுதான்.

மற்றப் பாதி கந்தப்பளையில் இருக்கிறது.

ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி உண்மையான தேயிலை ஸ்டோர், அதாவது கொழுந்தைத் தேயிலையாக்கும் தொழிற்சாலை. ஹெதர்செட் தோட்டத்தின் ஸ்டோராக இயங்கி, பிறகு மூடப்பட்டுக் கிடந்த கட்டடத்தை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கட்டடக் கலைஞர் நிஹால் போதிநாயக்க. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுலபமாக இருந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இன்றைக்கும் ஸ்டோர்தான்: தகரச் சுவர், வரிசை வரிசையாகச் சன்னல்கள். முன்பு கொழுந்தைப் பரப்பி ஈரம் போக வாட்டிய மேல்மாடிகள்தான் இப்போது அறைகள். பழைய இயந்திரம் கீழே அப்படியே நிற்கிறது. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குச் சின்ன ரயில் ஓடியது. அந்த நினைவுக்கு, டி.சி.கே. 6685 என்று பெயர் வைத்த ஒரு சின்ன ரயில் பெட்டியையே உணவகமாக்கியிருக்கிறார்கள். வளவிலேயே ஒரு சிறிய தேயிலை ஆலையும் உண்டு. தோட்டத்தில் பறித்த கொழுந்து தேயிலையாவதை அங்கே பார்க்கலாம்.

இங்கே பிராண்ட் என்பது ஹோட்டல் குழுமத்தின் பெயர்தான். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டலுக்கும் ஹெரிட்டன்ஸ் என்ற அதே பெயர். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் எனக்கு முக்கியமில்லை. அதை எடுத்தாலும் ஸ்டோர் நிற்கும். கூட்டு என்று நான் இங்கே காண்பது கட்டடத்துக்கும் வேலைக்கும் உள்ள கூட்டு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கணக்கு இந்தக் கட்டடத்தின் உருவத்திலேயே இருக்கிறது. இவ்வளவு பெரிய மாடிகள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவு கொழுந்து வந்தது என்று சொல்லலாம். பங்களாவில் இப்படி ஒரு கேள்வி எழாது.

குறையும் உண்டு. பங்களாவின் நிசப்தம் இங்கே கிடைக்காது. இது பெரிய ஹோட்டல்: வெளிநாட்டுக் குழுக்கள் பஸ்ஸில் வரும், காலைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக இருக்கும், உங்கள் கோப்பையின் காது எந்தப் பக்கம் என்று கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஏறக்குறைய 2,000 மீற்றருக்கு மேல் குளிரும் சும்மா இல்லை. வயதானவர்களை அழைத்துப் போனால் கம்பளிக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

சந்தானியைப் பற்றி நான் குறைவாகத்தான் சொல்வேன், ஏனென்றால் அங்கே சொல்லக்கூடிய பொருட்களே குறைவு. கைவிடப்பட்ட தேயிலைத் தோட்ட நிலத்தில், திசர தனபதியின் வடிவமைப்பில், 2016இல் திறந்தது. சரிவைச் சீவாமல் தூண்களின் மேல் நிறுத்திய கட்டடங்கள், மெருகிடாத கொங்கிரீட், மரம், எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். அலங்காரம் என்று கண்ணில் படுவது சன்னலுக்கு வெளியே உள்ளதுதான். மனசு களைத்துப்போனவர்களுக்கு, வைத்தியரும் மருத்துவமும் ஓய்வும் தேடுகிறவர்களுக்கு, அதுதான் இடம். கட்டடக் கலையாகப் பார்த்தால் மூன்றிலும் சிறந்தது அதுவே. ஆனால் தேயிலை அங்கே வெறும் பழைய செய்தி. துரையும் இல்லை, தொழிலாளியும் இல்லை. மலையகத்தைப் பார்க்க வருகிறவரை நான் அங்கே அனுப்புவதில்லை.

நுவரெலியா கிராண்ட் ஹோட்டலும், 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பும் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போடச் சொல்லும் இடத்தில் சம்பிரதாயம் உண்டு. அது வேறு ருசி. விருந்தினரை உடை மாற்றச் சொல்கிற உபசரிப்பை அடக்கமானது என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது முடிவு கேட்டால்: இரண்டு பேர், இரண்டு இரவு, காசு தடையில்லை, நிசப்தம் வேண்டும் என்றால் டீ ட்ரெயில்ஸ்தான். சேவையிலும் சரி, பிராண்ட் கூட்டின் நேர்மையிலும் சரி, மலையகத்தில் அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. போவதென்றால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போங்கள். பொகவந்தலாவை சேர்ந்திருக்கிற திம்புள்ள பிரதேசத் தேயிலைக்கு வாசம் கூடுகிற வறட்சிக் காலம் அது. பிள்ளைகளோடும் தாத்தா பாட்டியோடும் குடும்பமாக வருகிறீர்கள் என்றால் கந்தப்பளை. செலவும் பாதிக்குக் கீழே வரும்.

எங்கே தங்கினாலும் ஒன்று செய்யுங்கள். உங்கள் கோப்பைத் தேயிலை எந்தத் தோட்டம், எந்த மலை என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்பவர்கள் கூடினால் தோட்டத்தின் பெயர் மெனுவுக்கு வரும். தோட்டத்தின் பெயர் வந்தால், நாட் சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடி 2021இல்தான் அதைப் பெற்ற ஆட்களைப் பற்றிய பேச்சும் மேசைக்கு வரும். மலையகத் தமிழரான நாங்கள் இந்த மலைக்கு வந்து 2023இல் இருநூறு வருடம் ஆனது. அறைக்குள் தெரிய வேண்டிய பெயர்களில் எங்கள் பெயரும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

அப்பா இல்லாத முதல் வருடம் அம்மாவைக் கந்தப்பளைக்கு அழைத்துப் போனேன். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்துப் போட்டதோடு அவள் வேலை முடிந்துவிடும். எங்கள் தோட்டத்து ஸ்டோரின் மேல்மாடிக்கு அவள் ஒருநாளும் ஏறியதில்லை. அறைக்குள் வந்து கட்டிலில் உட்காராமல் சன்னலருகே நின்றாள்.

"கொழுந்தை எங்கடா வாட்டுவாங்க?"

"இங்கதாம்மா. நீ நிக்கிற இடத்துல."

தரையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றாள்.