தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் நாலு வருஷ ஒலிவியா

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், சந்துக்குள் சந்து. நான் ஒரு ஹாம், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு தொடர்பு கொள்கிறவன். மொட்டை மாடியில் 40 மீட்டர் அலைநீளப் பேண்டுக்கு ஒரு டைபோல் ஆண்டெனா கட்டியிருக்கிறேன். 20 மீட்டர் கம்பி. நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரித்தது. இழுத்துக் கட்டியிருப்பது காசிமேட்டில் வாங்கிய நைலான் கயிறு. உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடும், கயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

சாயங்காலமானால் தெருவிலுள்ள எல்.இ.டி விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் இரைச்சலை எஸ்-8 வரை ஏற்றிவிடும் (எஸ் என்பது சிக்னல் பலத்தின் அளவு, எஸ்-1 மிகக் குறைவு, எஸ்-9 பலமானது). பேச்சு எடுபடாது. ரேடியோவில் எழுத்து அனுப்பும் பி.எஸ்.கே.31 முறையும் பாதி உடைந்து வரும். அதனால்தான், கம்ப்யூட்டரில் அடிப்பதைத் தொனிகளாக்கி ரேடியோவில் அனுப்பும் ஒலிவியா என்ற இன்னொரு எழுத்து முறைக்கு வந்தேன். பாவெல் யவோஹா என்ற போலந்துக்காரர் உருவாக்கியது. ஒவ்வொரு எழுத்தையும் 64 துண்டாகப் பிரித்துத் தூவி அனுப்பும். பல துண்டுகள் இரைச்சலில் தொலைந்தாலும் மீதியை வைத்து எழுத்தைக் கண்டுபிடித்துவிடும். காதுக்கு ஒன்றுமே கேட்காத நேரத்திலும் திரையில் வரிகள் ஓடும். முதல் ஆறு மாதம் எனக்கு அது மாயாஜாலம்தான்.

அந்த மாயாஜாலம்தான் என்னைக் கெடுத்தது. எல்லோரும் 'நூறு சதவீதம் வருகிறது' என்றார்கள், நானும் நம்பினேன். ஒரு ஞாயிறு காலை பெங்களூருவிலிருந்து ஒரு மூத்த ஹாம் தட்டினார்: "தம்பி, எழுத்து சுத்தம். ஆனா வாட்டர்ஃபாலில் நீ மூணு பேரா தெரியறே." வாட்டர்ஃபால் என்பது பேண்டிலுள்ள சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரைப் படம். கம்ப்யூட்டரின் ஒலி அளவை நான் ஏற்றி வைத்திருந்ததால் சிக்னல் இரு பக்கமும் வழிந்திருக்கிறது. 500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அடங்க வேண்டியவன், பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். பிழை திருத்தம் இருப்பதால் எதிர்முனைக்கு என் அசிங்கம் எழுத்தில் தெரியவே தெரியாது. அன்றிலிருந்து 'எழுத்து எப்படி வருகிறது' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'வாட்டர்ஃபாலில் எப்படி இருக்கிறேன்' என்றுதான் கேட்பேன்.

சரிசெய்வது சுலபம். பேச்சை அழுத்திப் பலமாக்கும் ஸ்பீச் கம்ப்ரஸரை அணைத்துவிட்டு, ஒலி அதிகமாவதைக் காட்டும் ஏ.எல்.சி முள் அசையத் தொடங்கும் வரை ஒலியை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கினால் போதும். பவரும் அப்படித்தான். இதில் தொனி இடைவெளியே இல்லாமல் ஓடுவதால் 100 வாட் ரேடியோவை 25-இல் வைத்திருக்கிறேன். என்னுடையது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ், உச்சமே 50 வாட்தான். அதையும் முழுசாகத் தொட வேண்டிய தேவை வந்ததில்லை.

அடுத்தது பொறுமை. ஒலி நின்ற பிறகும் கடைசி சில எழுத்துகள் திரைக்கு வர இரண்டு மூன்று நொடி ஆகும். ஆரம்பத்தில் ஒலி நின்றதும் அனுப்பும் பட்டனை அமுக்கி, எதிராளியின் கடைசி வார்த்தையை நானே விழுங்கியிருக்கிறேன். அப்புறம் ஆர்.எஸ்.ஐ.டி என்ற அடையாளத் தொனி. ஒலிவியாவில் 8/500, 16/500, 32/1000 என்று பல வகை (முதல் எண் தொனிகளின் எண்ணிக்கை, அடுத்தது ஹெர்ட்ஸில் அகலம்). காதால் கேட்டு எது என்று சொல்வது கஷ்டம். பொதுவாக அழைக்கும்போது இந்த அடையாளத் தொனியைப் போட்டுவிட்டால் மற்றவர்களின் மென்பொருள் தானே அந்த வகைக்கு மாறிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் போடத் தேவையில்லை, எரிச்சல்தான் வரும்.

எண்கள் விஷயத்தில் இன்னும் எனக்குப் பயம் போகவில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் நாவ்டெக்ஸ் என்ற கருவி 518 கிலோஹெர்ட்ஸில் வானிலை எச்சரிக்கையை எழுத்தாக வாங்கும். அதில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை வரும். இரண்டுமே கெட்டால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி விழும். ஒலிவியாவுக்கு அந்த நேர்மை கிடையாது. கிட்டத்தில் பொருந்தும் ஏதோ ஒரு எழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். பலர் ஒரே அலைவரிசையில் கூடும் ஒரு பயிற்சி நெட்டில் '40 பேருக்குச் சாப்பாடு' என்று நான் அனுப்பியது ஒருவருக்கு '90' என்று விழுந்தது. வார்த்தை கெட்டால் கண்ணுக்குத் தெரியும், எண் கெட்டால் தெரியாது. இப்போது எண்ணை மட்டும் '40 நாற்பது 40' என்று அடிக்கிறேன், எதிர்முனையைத் திருப்பிச் சொல்லவும் சொல்கிறேன். வாரா, பாக்டர் போல தாமே திருப்பிக் கேட்டு வாங்கும் முறைகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை இருவருக்கு நடுவில்தான். பத்துப் பேர் கேட்கும் நெட்டுக்கு ஒலிவியாவே வசதி.

குறை என்றால் வேகம். 8/500-இல் நொடிக்கு மூன்று எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ். வளவளவென்று பேசுகிற என் போன்றவனுக்கு அது தண்டனை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. பேட்டரியில் ரேடியோவைப் போட்டேன், இரைச்சல் எஸ்-1. பி.எஸ்.கே.31 கூட ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. கரண்ட் வந்ததும் மறுபடி எஸ்-8. நானும் மறுபடி ஒலிவியா.