26 ரூபாய் வேலையை 19 ரூபாய்க்குப் பேசி முடித்த கதை

பொங்கலுக்குள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று மேஸ்திரியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், விலை பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மார்கழியில் நான் பட்டது.

மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு. பார்க்க வந்த மேஸ்திரி, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 26 ரூபாய் கேட்டார். சுவரைச் சமமாக்கப் பட்டி பார்ப்பது, பெயிண்டுக்கு அடியில் பிரைமர் ஒரு கோட்டிங், அதன் மேல் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டிங், எல்லாம் அதில் அடக்கம். கீரைக்காரம்மாவிடமே ஐந்து ரூபாய் குறைக்காமல் ஒரு கட்டுகூட வாங்காதவள் நான். அரை மணி நேரத்தில் 19-க்கு இறக்கிவிட்டேன். "சரிம்மா, உங்களுக்காகச் செய்கிறேன்" என்றார். முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 40 சதவீதம் முன்பணமும் கொடுத்தேன்.

வந்தது 20 லிட்டர் வாளி ஒன்றும் 4 லிட்டர் டப்பா ஒன்றும். வாளியின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. கேட்டதற்கு, "டோக்கன் எடுத்தேன்மா" என்றார். பெயிண்ட் கம்பெனி வாளிக்குள் வைக்கும் அந்தப் பரிசுச் சீட்டு பெயிண்டருக்குச் சேர வேண்டியதுதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் மூடியை என் கண் முன்னால் திறந்திருக்கலாம். ஒரு லிட்டர், ஒரு கோட்டிங்குக்கு ஏறத்தாழ 120 சதுர அடி வரும். என் வீட்டுக்கு இரண்டு கோட்டிங் என்றால் 36 லிட்டராவது வேண்டும். 24 லிட்டரில் எப்படி முடிந்தது என்பதைக் குளியலறைக் குழாயைத்தான் கேட்க வேண்டும். பிரைமர் அடித்ததாகச் சொன்ன நாளில் நான் அலுவலகத்தில் இருந்தேன்.

அதைவிடப் பெரிய தவறு, சுவர் காயாதது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஹாலின் வெளிச்சுவர் முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தது. "ஃபேனைப் போட்டுவிடுங்கள், காய்ந்துவிடும்" என்றார். பொங்கல் அவசரத்தில் நானும் தலையாட்டினேன்.

கணக்கு முடிக்கும்போது 2,650 சதுர அடி என்று சீட்டு நீட்டினார். 50,350 ரூபாய். அவரிடம் வேலை பார்த்த பையன்கள் ஊருக்குப் போக பஸ் ஏற வேண்டும் என்று வாசலிலேயே நின்றதால் எண்ணிக் கொடுத்துவிட்டேன். பண்டிகை முடிந்து நானே டேப் பிடித்து அளந்தால், கூரையையும் சேர்த்து 2,180தான் வருகிறது. கதவு, ஜன்னல், அலமாரி எதையும் அவர் கழிக்கவில்லை. அப்படியானால் நான் கொடுத்தது 19 அல்ல, 23 ரூபாய். பேரத்தில் மிஞ்சியது ஆறாயிரத்துச் சொச்சம். அதற்கு ஈடாக பிரைமரும் மூன்றில் ஒரு பங்கு பெயிண்டும் போயின.

தை கடைசியில் சோபாவுக்குப் பின்னால் சுவர் கொப்புளித்தது. நகத்தால் கீறினேன், உள்ளங்கை அகலத்துக்கு அப்பளம்போல் உரிந்து வந்தது. பின்பக்கம் தடவினால் விரலில் விபூதி மாதிரி வெள்ளைத் தூள். மேஸ்திரிக்கு ஃபோன் செய்தேன். முதல் முறை "நாளைக்கு வருகிறேன்" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. அவரைத் திட்டித் தீர்த்தாலும், நான் விலையை மட்டும்தான் பேசினேன் என்பது உண்மை. எத்தனை லிட்டர், யார் அளப்பது, எதைக் கழிப்பது என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை.

ஹாலை மட்டும் சரிசெய்ய வேறொரு பெரியவரைக் கூப்பிட்டேன். பழக்கதோஷம், அவரிடமும் குறைக்கச் சொன்னேன். "ரேட்டைக் குறைத்தால் வேலையில்தான் குறையும்மா. வேண்டுமானால் கூரையை விட்டுவிடலாம், சுவரை மட்டும் செய்கிறேன்" என்றார். பெயிண்டை நானே கடையில் வாங்கித் தருவது, அளவை இருவரும் சேர்ந்து எடுப்பது, கடைசி 5,000 ரூபாயை ஒரு மாதம் கழித்துக் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பிறகு அவர் உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். மறுநாள் காலையில் வந்து பிரித்துக் காட்டினார். உள்பக்கமெல்லாம் வேர்த்திருந்தது, சுவரில் இன்னும் ஈரம் இருந்தது. "பத்து நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, முன்பணம்கூட வாங்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.