நீதிமன்றத்தடிச் சத்தியக்கடதாசி: அச்சு அழகு, விஷயம் பாதி

மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு அண்மையில் உள்ள ஒரு தட்டச்சுக் கடையின் சத்தியக்கடதாசி (உண்மையென உறுதிசொல்லி ஒப்பமிட்டுக் கொடுக்கும் எழுத்துமூல வாக்குமூலம், அஃபிடவிட்) பற்றியது இது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. எழுத்துப் பிழையும் குறைவு. சொந்த வரைபோடு போகிறவர்களுக்கு நல்ல கடை. வரைபையும் அவர்களிடமே விட்டால்தான் சிக்கல்.

நடை பழைய வாய்ப்பாடு. "பயபக்தியுடனும் நேர்மையாகவும் உண்மையாகவும் வெளிப்படுத்தி உறுதியுரைப்பது யாதெனில்" என்று தொடங்கினால் மூச்சுவிட இடமில்லை. பந்திக்கு நாலு "மேற்படி". சிரிக்கலாம், ஆனால் "யாதெனில்" போட்டதற்காக எந்தக் கடதாசியும் திரும்பி வருவதில்லை.

திரும்பி வருவது பெயர் விஷயத்தில். பிறப்புச் சான்றிதழில் "கந்தப்போடி", அடையாள அட்டையில் "கந்தபோடி". கடை எழுதுவது: "இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்." எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் இலக்கமிட்ட தனிப் பந்தி வேண்டும்: ஆவணத்தின் இலக்கம், திகதி, அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே. பிரதிகளை ஏ1, ஏ2 என அடையாளமிட்டு இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள் என்ற வரி கடைசியில்தான்.

காணி உறுதி தொலைந்தால் உறுதி இலக்கம், திகதி, முடித்த நொத்தாரிசின் பெயர் மூன்றும் வேண்டும். "எனது காணி உறுதி" என்று மொட்டையாக விட்டால் கையில் உறுதியும் இல்லை, உறுதியுரையிலும் உறுதி இல்லை.

அடுத்தது சமயம். சத்தியங்கள், உறுதியுரைகள் பற்றிய 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் கடவுள் பெயரில் செய்யும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரைக்கலாம். கடையோ ஒரே கோப்பை எல்லோருக்கும் திறக்கிறது. மேலே "உறுதியுரைத்து", சமாதான நீதவான் ஒப்பமிடும் கீழ்ப்பந்தியில் "சத்தியம் செய்து". வழக்கென்றால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் குறை பிடிக்க இது போதும்.

"அயலவர் சொல்லக் கேட்டேன்" என்ற வரியையும் வெட்டச் சொல்லுங்கள். இடைக்கால விண்ணப்பம் (வழக்கு முடியுமுன் இடையில் செய்யும் விண்ணப்பம்) தவிர்ந்த இடங்களில், தானே கண்டு அறிந்ததை மட்டுமே குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 181ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

"ஒப்பம் வச்சிட்டுப் போங்க, சீல் நாங்க எடுத்துத் தாறம்" என்பார்கள். வேண்டாம். கடதாசியை வாசித்து விளங்கியபின், சமாதான நீதவானுக்கு முன்னால் ஒப்பமிடுங்கள். திகதியும் இடமும் வெறுமையாக இருந்தால் அங்கேயே நிரப்புங்கள். கையால் திருத்திய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.